ஏழு மாதம், ஒரு இலட்சத்து 23 ஆயிரம் ரூபாய், ஒரு சின்ன வெடிப்பு

2023 ஜூன் மாதம். மழை பிடித்துக்கொண்டால் விடாத காலம். காலை ஐந்தேகால் மணிக்கு, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கக்கூசில், டோர்ச் வெளிச்சத்தில்தான் அந்த இரத்தத்தை முதலில் பார்த்தேன். வெள்ளைக் கோப்பையில் பளிச்சென்ற சிவப்பு. கண்ணாடித் துண்டு கிழித்தது மாதிரி ஓர் எரிவு வேறு. தண்ணீரை ஊற்றிவிட்டு வந்தேன். அம்மா சாயத்தண்ணி ஊற்றி வைத்திருந்தார். அதைத் தொடாமல் பஸ்ஸுக்கு ஓடினேன். அன்று ஐந்தாம் வகுப்புக்கு என்ன படிப்பித்தேன் என்று இன்றைக்கும் எனக்கு நினைவில்லை.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இலங்கை மலையகத்தில், தலவாக்கலைக்கும் ஹட்டனுக்கும் இடையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அதே பக்கத்தில் ஒரு பாடசாலையில் டீச்சராக இருக்கிறேன். அப்போது வயது 37. கணவர் கொழும்பில் கடை வேலை, மாதத்துக்கு ஒருமுறை வருவார். வீட்டில் அம்மாவும் என் மகளும் நானும்தான். என் தாய்மாமா குடல் புற்றுநோயில் போனவர். இரண்டு வருடம் இரத்தம் போனதை "மூலம்தான், சூடு" என்று சொல்லிக்கொண்டு யாருக்கும் காட்டாமல் இருந்தார். மகரகமை புற்றுநோய் ஆசுபத்திரிக்குக் கொண்டு போனபோது ஈரலுக்கும் பரவிவிட்டது என்றார்கள். நம் பக்கத்தில் "மகரகமைக்குக் கொண்டு போறாங்களாம்" என்று யாராவது சொன்னால் அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அந்த ஒரு சொல்தான் அன்று பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தது.

உண்மையில் வயிறு அதற்கு முன்பே சரியில்லை. பாடசாலையில் ஆசிரியர்களுக்கு இருப்பது ஒரே ஒரு கக்கூஸ். பூட்டு கிடையாது, பாதி நாள் தண்ணீரும் கிடையாது. அதனால் காலையிலிருந்து இரண்டு மணி வரை தண்ணீர் குடிக்காமலும் எதையும் அடக்கிக்கொண்டும் இருப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். மூன்று நாள் கல்லு மாதிரி இறுகும், நாலாம் நாள் தண்ணி மாதிரி போகும். மலையகத்தில் டீச்சராக இருக்கும் எத்தனையோ பெண்களுக்கு இந்தக் கதை தெரியும், பேசத்தான் மாட்டோம். அடக்கி அடக்கி இறுகியதுதான் அந்த இடத்தை வெடிக்க வைத்தது என்பதை ஐந்து மாதம் கழித்துத்தான் விளங்கிக்கொண்டேன்.

அடுத்த வாரம் பக்கத்து அரச ஆசுபத்திரியின் ஓ.பி.டி.க்குப் போனேன். வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர் என் மாணவன் ஒருவனின் அப்பா. உள்ளே இருந்தவர் இளம் ஆண் டொக்டர். "என்ன வருத்தம்?" என்று கேட்டார். "வயித்து வலி" என்று மட்டும் சொன்னேன். இரத்தத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. அவர் பூச்சி மாத்திரையும் காஸ்டிரிக் மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். சொல்லாத வருத்தத்துக்கு அவர் எப்படி மருந்து எழுதுவார்? ஆனால் அன்று வெளியே வந்து, "இங்கே ஒன்றும் ஒழுங்காகப் பார்க்க மாட்டார்கள்" என்று எனக்குள்ளேயே அவரைத் திட்டினேன். அந்த ஒரு நிமிட வெட்கத்தின் விலைதான் தலைப்பில் இருக்கிறது.

அதனால் இரத்தம் கண்டவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: முதல் டொக்டரிடமே எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். வாயால் சொல்ல வராவிட்டால் ஒரு தாளில் எழுதிக் கொண்டு போங்கள். எப்போது தொடங்கியது, ஒரு நாளைக்கு எத்தனை தடவை போகிறது, இரத்தம் மலத்தோடு கலந்து வருகிறதா, மேலே ஒட்டியிருக்கிறதா, கடைசியில் சொட்டுகிறதா, என்ன நிறம், எரிவு உண்டா, நிறை குறைந்ததா, இரவில் தூக்கத்திலிருந்து எழுப்புகிறதா, குடும்பத்தில் யாருக்கு என்ன வருத்தம், என்ன மாத்திரை எடுக்கிறீர்கள். அரைப் பக்கம் போதும். மொழிக்கும் அது உதவும். கண்டியில் நான் பார்த்த டொக்டர்கள் எல்லோரும் சிங்களத்தில் பேசினார்கள். என்னுடைய சிங்களம் சந்தைச் சிங்களம், மரக்கறி வாங்கப் போதும், மலம் பற்றிப் பேசப் போதாது. பிறகு எங்கள் பாடசாலையில் சிங்களம் படிப்பிக்கும் டீச்சரிடம்தான் அந்தத் தாளைச் சிங்களத்தில் எழுதி வாங்கினேன். அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை, இன்றுவரை யாரிடமும் சொல்லவும் இல்லை. பெண்களுக்கு இன்னொன்று: கீழே பரிசோதிக்க வேண்டும் என்றால் பெண் டொக்டர் இருக்கிறாரா என்று கேட்கலாம், இல்லாவிட்டால் ஒரு நேர்ஸ் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று சொல்லலாம். யாரும் கோபிக்க மாட்டார்கள்.

நான் அதைச் செய்யாமல் போனைத் தட்டினேன். இரவு மகள் தூங்கியதும் போர்வைக்குள் போன். தமிழில் தேடினால் ஒன்று, இங்கிலீஷில் தேடினால் பத்து, எல்லாப் பாதையும் மகரகமையில்தான் போய் நின்றது. இரண்டு மணி வரை வாசிப்பேன். காலையில் வயிறு கலங்கும், மூன்று நாலு தடவை ஓடுவேன். ஓடுவதைப் பார்த்து இன்னும் பயப்படுவேன். "வயிற்றில் புளியைக் கரைத்தது" என்று சும்மாவா சொல்லி வைத்தார்கள்! குடலுக்கென்று தனியாக ஒரு நரம்பு வலையே இருக்கிறது, மூளையோடு அது ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும், பயம் வந்தால் குடல் வேகமாக ஓடும் அல்லது இறுகி நிற்கும் என்று பிறகு ஒரு டொக்டர் சொன்னார். அப்போது அது எனக்குத் தெரியாது. பயத்தால் வந்த கலக்கத்தையே நோய்க்கு அத்தாட்சியாக எடுத்துக்கொண்டேன்.

சாப்பாடு இறங்கவில்லை. பாமசி வாசலில் இருந்த தராசில் வாராவாரம் ஏறினேன். 58 கிலோ இருந்தவள் செப்டெம்பரில் 54. சாப்பிடாமல் இருந்தால் குறையத்தானே செய்யும்? எனக்கு அது தோன்றவே இல்லை. "காரணமில்லாமல் நிறை குறைவது" என்று வாசித்திருந்தேன், அது மட்டும்தான் மண்டையில் நின்றது. படுத்துக்கொண்டு வயிற்றை விரலால் அமுக்கி அமுக்கிக் கட்டி இருக்கிறதா என்று பார்ப்பேன். அமுக்கிய இடமெல்லாம் மறுநாள் வலிக்கும். "பாத்தியா, வலிக்குது" என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

பீட்ரூட் கதையை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. நுவரெலியாப் பக்கம் பீட்ரூட் விளையும் ஊர், எங்கள் வீட்டில் வாரத்தில் இரண்டு நாள் அதுதான் கறி. ஒரு நாள் காலையில் கோப்பை முழுக்கச் சிவப்பு. கால் நடுங்கி அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்று பாடசாலைக்குப் போகவில்லை, கணவருக்குப் போன் எடுத்து அழுதேன். அதுவரை அவருக்கு ஒன்றும் தெரியாது. அவர் கடையில் லீவு போட்டுவிட்டு இரவு பஸ் ஏறி வந்தார். வந்தவருக்கு அம்மா சோறு போட்டு, முந்தைய நாள் மிச்சமிருந்த பீட்ரூட் கறியை வைத்தார். கறியைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை, அதற்காகவே அவருக்குக் கோயில் கட்டலாம். அதே போல இரும்புச்சத்து மாத்திரை குடித்தால் மலம் கறுப்பாகப் போகும். அதுவும் தெரியாமல் பயந்தவர்கள் உண்டு. மாத்திரை எதுவும் எடுக்காமல் தார் மாதிரிக் கறுப்பாக, ஒட்டும் பதத்தில், மோசமான நாற்றத்தோடு போனால் அது வேறு கதை. அன்றைக்கே ஆசுபத்திரிக்குப் போக வேண்டும்.

அம்மாவுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. "சூடுதான் புள்ள, நல்லெண்ண வச்சுக் குளி" என்றார். முனியாண்டிக்கு நேர்ந்துகொண்டார். தெரிந்தவர் ஒருவர் மூலம் மூலத்துக்கு ஒரு சூரணம் வந்தது, இரண்டு மாதத்துக்கு 8,500 ரூபாய். அப்போது தோட்டத்தில் ஒரு நாள் பேருக்கு, அதாவது ஒரு நாள் கூலி, 1,000 ரூபாய். எட்டரைப் பேர் காசு அந்தத் தூளில் போனது. என்ன கலந்திருந்தது என்று தெரியாது, வயிற்றோட்டம் கூடியது மட்டும் தெரியும்.

பிறகு சனல் பண்ணத் தொடங்கினேன், அதாவது காசு கட்டித் தனியாரில் டொக்டர்களைப் பார்ப்பது. முதலில் ஹட்டனில் ஒரு டொக்டர். இரண்டு தடவையும் சேர்த்துப் பத்து நிமிடம் இருக்கும், தொட்டுப் பார்க்காமலே "பைல்ஸ்" என்றார். நம்பிக்கை வரவில்லை. கண்டியில் ஒரு சத்திர சிகிச்சை நிபுணரிடம் போனேன். அவர் அரை நிமிடம் பரிசோதித்துவிட்டு, ஆசனவாயில் சின்ன வெடிப்பு, அதனால்தான் எரிவும் இரத்தமும், உள்மூலமும் கொஞ்சம் இருக்கிறது என்றார். நார்ச்சத்துக்கு இசப்கோல் உமி, தண்ணீர், பூசுவதற்கு மருந்து, காலை மாலை வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் உட்கார்வது. ஆறு வாரம் கழித்து வரச் சொன்னார். அவர் சொன்னது முழுக்க முழுக்கச் சரி. அன்றோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் பஸ் நாவலப்பிட்டியைத் தாண்டுவதற்குள் எனக்குள் கேள்வி வந்துவிட்டது: வெடிப்பு இருக்கிறது சரி, அதற்கு மேலே வேறொன்று இருந்தால்?

இந்த இடத்தில்தான் காசை வீசி எறிந்தேன். டொக்டர் துண்டு இல்லாமலே லாப்களுக்குப் போய் நானாகவே சோதனை செய்தேன். "கேன்சர் பிளட் டெஸ்ட்" ஒன்று கேட்டேன், எடுத்தார்கள். அது நோயைக் கண்டுபிடிக்கும் சோதனை கிடையாது. ஏற்கனவே நோய் உள்ளவர்களுக்குச் சிகிச்சை எப்படிப் போகிறது என்று பார்க்கத்தான் அதிகம் உதவும், புகைப்பவர்களுக்கும் வேறு வருத்தங்களுக்கும்கூட ஏறும். வயிற்றை இரண்டு தடவை ஸ்கேன் பண்ணினேன், 8,700 ரூபாய். ஈரல், பித்தப்பை, சிறுநீரகம் நன்றாகத் தெரியும். குடலின் உட்பக்கத்தை நம்பிப் பார்க்க அந்த ஸ்கேன் உதவாது. மூன்றாவதாக, மலத்தில் மறைந்திருக்கும் இரத்தத்தைத் தேடும் சோதனை. அது பொசிட்டிவ். கண்ணுக்குத் தெரியவே இரத்தம் போகிற ஆளுக்கு அது பொசிட்டிவ் வராமல் என்ன வரும்? ஆனால் அந்த ரிப்போர்ட்டை லாப் வாசலில் பிரித்தபோது என் மகளை யார் வளர்ப்பார்கள் என்றுதான் யோசித்தேன். உண்மையில் எனக்கு உதவியது ஒரே ஒரு சாதாரண இரத்தப் பரிசோதனைதான். ஹீமோகுளோபின் 12.4, இரத்தசோகை இல்லை. அதை நான் ஏறிட்டும் பார்க்கவில்லை.

அடுத்து குடல் நோய் நிபுணர். பொறுமையாகக் கேட்டார். அம்மா, அப்பா, கூடப்பிறந்தவர்களுக்கு இந்த வருத்தம் உண்டா என்று கேட்டார், இல்லை. தாய்மாமாவை எழுதிக்கொண்டார், ஆனால் முதல் வட்டத்து உறவுதான் முக்கியம் என்றார். இரத்தம் மலத்தோடு கலந்து வருவது, இரத்தசோகை, சாப்பிட்டும் நிறை குறைவது, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றோட்டம், விடாத காய்ச்சல், ஐம்பது வயதை ஒட்டிப் புதிதாகப் பழக்கம் மாறுவது, இவைதான் தாமதிக்கக் கூடாத அறிகுறிகள் என்று சொல்லி ஒவ்வொன்றாகக் கேட்டார். நிறையைத் தவிர எதுவும் இல்லை. ஆனாலும் இரத்தம் போகிறது, ரிப்போர்ட்டும் இருக்கிறது, ஒரு முறை ஆசனவாய் வழியாகக் குடலுக்குள் கெமரா விட்டுப் பார்த்துவிடலாம் என்றார். அரச ஆசுபத்திரியில் இலவசம், திகதி டிசெம்பர் முதல் வாரம். அப்போது ஒக்டோபர் ஆரம்பம். "அவசரம் ஒன்றுமில்லை, காத்திருக்கலாம்" என்று தெளிவாகச் சொன்னார். எனக்குக் காத்திருக்க முடியவில்லை. வளையலை அடகு வைத்து, தனியாரில் 72,000 ரூபாய் கட்டினேன்.

கெமராவைப் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு: சோதனை ஒன்றுமே இல்லை, முந்தைய நாள்தான் வேலை. இரண்டு மூன்று நாள் முன்பிருந்து கீரை, பழ விதை, தவிட்டு அரிசி இல்லாமல் வெள்ளைச் சோறு, பாண், முட்டை, மீன். முந்தைய நாள் தெளிந்த நீராகாரம் மட்டும்: பால் இல்லாத சாயத்தண்ணி, செவ்விளநீர், வடித்த சூப். சிவப்பு நிறப் பானம் எதுவும் கூடாது. அப்புறம் அந்த மருந்துத் தண்ணி, லீற்றர் கணக்கில். கக்கூஸ் வெளியே இருக்கும் லயத்து வீட்டிலிருந்து இதைச் செய்ய நினைக்காதீர்கள். மழையில் பத்துப் பதினைந்து தடவை வெளியே ஓட முடியாது, விடிகாலையில் கண்டிக்கு இரண்டரை மணி நேரம் பஸ்ஸில் வரவும் முடியாது. எங்கள் டீச்சர் ஒருவரின் அக்கா வீடு கட்டுகஸ்தோட்டையில், கக்கூஸ் உள்ளேயே இருந்தது. முன்பின் தெரியாத அந்த அக்கா எனக்காக விழித்திருந்து சுடுதண்ணி வைத்துக் கொடுத்தார். குளிர் நடுங்கும், ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள். அந்த இடம் எரியும், வாசலின் பூசுங்கள். இரும்புச்சத்து மாத்திரையைச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். சீனி வருத்தத்துக்கோ இரத்தம் உறையாமல் இருக்கவோ மாத்திரை எடுப்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிக் கேட்க வேண்டும், தானாக நிறுத்தக் கூடாது. மயக்க ஊசி போடுவதால் கூட ஒருவர் கட்டாயம் வேண்டும். எனக்குக் கணவர் வந்தார். திரும்பி வர வேன் பிடித்தோம், போக வர எல்லாமாகச் சேர்த்து 11,000.

முடிவு: குடல் சுத்தம். கட்டி இல்லை, சதை வளர்ச்சி இல்லை. ஆறிவரும் வெடிப்பு, சின்ன உள்மூலம். மற்றதெல்லாம் எரிச்சல் கொண்ட குடல், ஐ.பி.எஸ்., உயிருக்கு ஆபத்தில்லை. வேனில் அழுதுகொண்டே வந்தேன், கினிகத்தேனையில் நிறுத்தி நான்கு மாதத்துக்குப் பிறகு பசித்து ரொட்டி சாப்பிட்டேன்.

அந்த நிம்மதி பதினொரு நாள் இருந்தது.

பன்னிரண்டாம் நாள் வகுப்பில் கணக்குச் செய்துகொண்டிருக்கும்போது ஒரு எண்ணம்: கெமரா கடைசி வரை போனதா? குடல் சரியாகச் சுத்தமாகாமல் ஏதாவது மறைந்திருந்தால்? ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன், பெருங்குடலின் தொடக்கம் வரை போனதென்று எழுதி, படமும் இருந்தது. அந்தப் படம் என்னுடையதுதானா என்று யோசித்தேன். அங்கேதான் எனக்கே என்னைப் பார்த்துப் பயம் வந்தது. இதைவிடப் பெரிய சோதனை இல்லை. அதுவே பதினொரு நாளைக்குத்தான் தாங்கியது என்றால், வருத்தம் குடலில் இல்லை.

பழைய அரச ஆசுபத்திரிக்கே திரும்பப் போனேன், இந்தத் தடவை தாளோடு. வயதான பெண் டொக்டர் ஒருவர் ரிப்போர்ட் கட்டை முழுக்கப் புரட்டினார். வயிற்றைப் பற்றிக் கேட்கவே இல்லை. "இரவில் எத்தனை மணிக்குத் தூங்குவீங்க? ஒரு நாளைக்கு எத்தனை தடவை இரத்தம் இருக்கா என்று திரும்பத் திரும்பப் பார்ப்பீங்க?" என்று கேட்டார். உடைந்துபோனேன். அதே ஆசுபத்திரியின் மனநல கிளினிக்குக்குத் துண்டு எழுதினார். "எனக்கென்ன பைத்தியமா?" என்றுதான் முதலில் வந்தது. நம் ஊரில் யாராவது கொஞ்சம் மாறிப் பேசினாலே, மனநல ஆசுபத்திரி இருக்கும் இடத்தைச் சொல்லி "அங்கொடைக்கு அனுப்பணும்" என்று பகிடி பண்ணி வளர்ந்தவர்கள் நாம். இரண்டு வாரம் அந்தத் துண்டு கிளினிக் கொப்பிக்குள் கிடந்தது. பிறகு போனேன். ஒரு சதம் செலவில்லை.

அங்கே செய்தது பெரிய வித்தை எதுவும் கிடையாது. முதலில் ஒரு வாரம் எண்ணச் சொன்னார்கள்: கோப்பையைப் பார்த்தது, வயிற்றை அமுக்கியது, தராசில் ஏறியது, கூகுள், "ஒண்ணுமில்லதானே?" என்று யாரிடமாவது கேட்டது. ஒரு நாளைக்கு 41. அப்புறம் ஒவ்வொன்றாகக் குறைக்க வேண்டும். பின்னேரம் நாலரையிலிருந்து கால் மணி நேரம் மட்டும் பயப்பட நேரம், மற்ற நேரத்தில் வரும் பயத்தைக் கொப்பியில் எழுதி அதற்குத் தள்ளிப்போட வேண்டும். சிரிப்பாக இருந்தது. ஆனால் நாலரைக்குக் கொப்பியைத் திறந்தால் காலையில் கொன்ற பயம் பாதி செத்துக் கிடக்கும். எட்டு மணிக்கு மேல் போன் அலுமாரியில். கணவருக்கும் ஒரு வேலை கொடுத்தார்கள்: "ஒண்ணுமில்லதானே?" என்று நான் கேட்டால் ஒரு முறைக்கு மேல் பதில் சொல்லக் கூடாது. அது எனக்குக் கொடுமையாக இருந்தது, அவருக்கு அதைவிட. ஆனால் அவர் ஒவ்வொரு முறை "ஒண்ணுமில்ல" என்று சொன்னதும் எனக்கு அரை மணி நேரத்துக்குத்தான் தாங்கும், பிறகு இன்னொன்று வேண்டும். ஆறுதலுக்கே அடிமையாகிப் போயிருந்தேன். கிளினிக்குக்குப் போக வழியில்லாதவர்களுக்கு, அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கம் இருக்கிறது.

வயிற்றுக்கும் சில மாற்றங்கள். ஒரு நாளைக்கு ஏழு கோப்பை தேத்தண்ணி குடிப்பேன், அதில் முதல் இரண்டு வெறும் வயிற்றில். மூன்றாகக் குறைத்தேன். பால்மா தேத்தண்ணியை விட்டதும் வாயுவும் இரைச்சலும் நன்றாகக் குறைந்தது. எல்லோருக்கும் அப்படி இருக்கும் என்று சொல்ல மாட்டேன், இரண்டு வாரம் விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். இசப்கோல் தினமும், ஆனால் நிறையத் தண்ணீரோடு. அதிபரிடம் போய்ப் பெண் ஆசிரியர்கள் சார்பில் கக்கூஸ் பூட்டையும் தண்ணீர்த் தாங்கியையும் கேட்டேன். பூட்டு வந்தது, தாங்கி இன்னும் வரவில்லை.

டிசெம்பர் திகதியை நான் இரத்துச் செய்யாமல் விட்டதுதான் இன்னும் உறுத்துகிறது. அந்த இடத்துக்கு யாரோ ஒருவர் காத்திருந்திருப்பார். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள், ஒரு போன் போதும்.

மொத்தம் 1,23,500 ரூபாய். லீவு 17 நாள். வளையலை மீட்க ஒன்றரை வருடம் ஆனது.

போன மாதம் திரும்பவும் இரத்தம் வந்தது. கொப்பியில் திகதியை எழுதினேன். இரண்டு நாள் தண்ணீர் குடிக்காமல் இருந்தது நினைவுக்கு வந்தது, பரீட்சை மேற்பார்வை. உமி, வெதுவெதுப்பான தண்ணீர். இரண்டு வாரத்துக்குள் நிற்காவிட்டால் வரச் சொல்லி டொக்டர் சொல்லியிருக்கிறார், அதற்கு முன் கூகுள் கிடையாது. நாலாம் நாள் நின்றது. அந்த மூன்று இரவும் தூங்கினேனா என்று கேட்டால், பாதிதான்.